முளைப்பாரி கண்மாய் சேரும்வரை ஒரே பாட்டு ஓட வேண்டும்: பாட்டை நீட்டும் மென்பொருள் நமக்கு உதவுமா?

மேலூர்ப் பக்கம் மைக்செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. முளைப்பாரி மந்தையிலிருந்து கிளம்பிக் கண்மாய்க்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கும்மிப் பாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து போட்டால், நடுவில் விழும் இடைவெளியில் பெண்களின் கைதட்டல் கலைந்துபோகிறது. “ஒரே மாதிரி கேட்கிற பீட்டுகளைக் கண்டுபிடிச்சு, பாட்டை முடிவே இல்லாம இழுத்துக்கிட்டுப் போற சாஃப்ட்வேர் இருக்காமே அண்ணே, அது எப்படி வேலை செய்யுது? நம்ம பாட்டுக்குச் சரிவருமா? போன்லயே செய்ய முடியுமா?”

இருக்கிறது தம்பி. கம்ப்யூட்டர் தாளத்தோடு ஸ்டுடியோவில் பதிவான பாட்டுக்கு நன்றாகவே சரிவரும். தவிலும் பம்பையும் உருமியும் நேரில் முழங்கிப் பதிவானவற்றில் தடுமாறும். ஏன் தடுமாறும் என்பது தெரிந்தால், எந்த இடத்தில் அதை நம்பலாம், எந்த இடத்தில் நம் காதைத்தான் நம்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது இன்ஃபினிட் ஜூக்பாக்ஸ் என்ற இணையதளமாக இருக்க வேண்டும். 2012 நவம்பரில் பால் லமேர் என்பவர் செய்து வெளியிட்டார். அவர் அப்போது எக்கோ நெஸ்ட் நிறுவனத்தில் இருந்தார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபில் ஆராய்ச்சி செய்த டிரிஸ்டன் ஜெஹான், பிரையன் விட்மன் இருவரும் 2005இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு பாட்டைக் கொடுத்தால் அதைக் கேட்டு எண்களாக எழுதித் தருவதுதான் அவர்கள் தொழில். அந்த எண்களை எடுத்துத்தான் லமேர் தன் ஜூக்பாக்ஸைக் கட்டினார். திரையில் பாட்டு ஒரு வட்டமாகத் தெரியும். ஒன்றுபோல் ஒலிக்கும் பீட்டுகளை வளைகோடுகள் இணைக்கும். பாட்டு வட்டத்தில் ஓடிக்கொண்டே இருந்து, திடீரென ஒரு கோட்டைப் பிடித்து வேறோர் இடத்துக்குத் தாவும். பழகாத காதுக்குத் தாவியதே தெரியாது.

எண்களாக எழுதுவது எப்படி என்றால், முதலில் பாட்டைப் பொடிப்பொடியாக நறுக்குகிறது. ஒலி சட்டென்று மாறுகிற ஒவ்வோர் இடத்திலும், அதாவது தவிலில் ஓர் அடி விழும்போதோ பாடகர் அடுத்த அசைக்குப் போகும்போதோ, ஒரு வெட்டு. இப்படிக் கிடைக்கும் துண்டு பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் சுரத்தைச் சொல்ல 12 எண்கள். நம் கணக்கில் 12 சுரத்தானங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டில் எந்தச் சுரம் எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதை அவை சொல்லும். கீழ்ஸ்தாயியா மேல்ஸ்தாயியா என்று பார்ப்பதில்லை. பிறகு ஒலியின் நிறத்துக்கு இன்னொரு 12 எண்கள். நாதசுரமும் புல்லாங்குழலும் ஒரே சுரத்தை ஊதினாலும் வேறுவேறாகக் கேட்கிறதே, அந்த வித்தியாசம் இந்த எண்களில் வந்துவிடும். இவற்றோடு துண்டின் தொடக்கத்தில் எவ்வளவு சத்தம், உச்சத்தில் எவ்வளவு சத்தம், துண்டு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் பதிவாகும்.

இந்தத் துண்டுகளுக்கு மேல் பீட்டையும், பீட்டுகளைக் கூட்டி ஒரு தாளவட்டத்தையும் அது ஊகிக்கிறது. நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் நான்கு நிமிடப் பாட்டில் 480 பீட் இருக்கும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டுமானால் 1,14,960 ஜோடிகள். இன்றைய லேப்டாப்புக்கு இது பெரிய வேலையே இல்லை.

ஒப்பிடும் முறையில்தான் லமேரின் திறமை தெரிகிறது. இரண்டு பீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று ஒரு மதிப்பெண் போடுகிறார். குறைவாக வந்தால் இரண்டும் நெருங்கிய ஒலிகள். நிறத்தில் உள்ள வேறுபாடு அப்படியே சேரும். சுரத்தில் உள்ள வேறுபாடு 10 மடங்காகச் சேரும். துண்டு நீடிக்கும் நேரத்தில் உள்ள வேறுபாடு 100 மடங்காகச் சேரும். நேரம் நொடியின் பின்னமாக இருப்பதால், அத்தனை மடங்கு பெருக்கினால்தான் அது கணக்கில் ஏறும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கட்டுப்பாடு: இரண்டு பீட்டும் தாளவட்டத்தில் ஒரே இடத்தில் விழவில்லை என்றால் நேராக 100 சேர்த்துவிடுகிறார். தாவலுக்கு அனுமதிக்கும் எல்லை 80 வரைதான். ஆக, வட்டத்தின் முதல் தட்டிலிருந்து மூன்றாம் தட்டுக்குத் தாவ வழியே கிடையாது. சுரம், நிறம், சத்தம் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தினாலும் விடாது. தாவல் காதுக்குத் தெரியாமல் போவதற்கு முதல் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான் என்பேன்.

ஓடும்போது நடப்பதைப் பாருங்கள். 37ஆவது பீட்டும் 165ஆவது பீட்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றால், 37 ஒலிக்க வேண்டிய இடத்தில் 165ஐ ஒலித்துவிட்டு 166, 167 என்று போய்விடும், ரயில் தடம் மாறுவது மாதிரி. வழி இருக்கிறதென்று ஒவ்வொரு முறையும் தாவாது. தாவும் வாய்ப்பு 18 சதவீதத்தில் தொடங்கி, தாவாமல் ஓட ஓட 50 சதவீதம் வரை ஏறும். தாவியதும் மறுபடி கீழே இறங்கும். பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு தாவல் மட்டும் கட்டாயம். அதை விட்டால் பாட்டு முடிந்துவிடுமே.

இனி நம் ஊர்ப் பாட்டுக்கு வருவோம்.

கும்மி பெரும்பாலும் திசிர நடை. தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகும். மென்பொருளுக்குப் பழக்கம் நான்கு. மேற்கத்தியப் பாட்டுகளும் நம் சினிமாப் பாட்டுகளில் பெரும்பகுதியும் நான்காகவே எண்ணப்படுவதால், ஐயம் வந்தால் அது நான்கின் பக்கம்தான் சாயும். தகிடவின் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பீட்டாக எடுத்துக்கொண்டு நான்கு நான்காகக் கட்டிவிட்டது என்று வையுங்கள். அதன் கணக்கில் 4, 8, 12, 16 பீட் தள்ளித் தாவுவதெல்லாம் ஒரே இடத்துக்குத் தாவுவதுதான். நம் கணக்கில் 4 தள்ளினால் ‘த’ விழ வேண்டிய இடத்தில் ‘கி’ விழும். 8 தள்ளினால் ‘ட’ விழும். 12இன் மடங்காகத் தாவினால் மட்டுமே கைதட்டல் பிழைக்கும். மிஸ்ர சாப்பில், ஏழாக எண்ண வேண்டியதை நான்காக எண்ணினால் 28இன் மடங்குதான் தப்பிக்கும். பாட்டு கேட்பவருக்கு இது ஏதோ இடறியது போல ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். கும்மி அடிக்கிறவருக்கு அப்படி இல்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். வட்டத்தில் நாற்பது பேர் நின்றால் நாற்பது பேரும் ஆளுக்கொரு நேரத்தில் சரிசெய்துகொள்வார்கள். ஆட்டம் ஒன்று சேர அரைச் சுற்றாவது வேண்டும்.

அடுத்தது வேகம். நையாண்டி மேளம் ஒரே வேகத்தில் நிற்காது. ரெண்டு நாதசுரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு என்று செட்டு கூடியதும் மெதுவாகப் பிடித்து, ஆட்டம் சூடேற ஏற வேகமும் ஏறும். அதுதான் அந்த வாசிப்பின் உயிர். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 100 பீட்டாக இருந்தது கடைசியில் 130 ஆகிவிட்டால், ஒரு பீட்டின் நீளம் 0.6 நொடியிலிருந்து ஏறக்குறைய 0.46 நொடிக்குச் சுருங்கிவிட்டது என்று பொருள். மென்பொருளிடம் வேகத்துக்கென்று தனி மதிப்பெண் இல்லை. ஒலித்துண்டுகளின் நீளத்தை மட்டும்தான் அது பார்க்கிறது. வேகமான பகுதியில் வந்த ஒரு தவில் அடியும் மெதுவான பகுதியில் வந்த தவில் அடியும் அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். அப்படித் தெரிந்து, உச்ச வேகத்திலிருந்து தொடக்க வேகத்துக்குத் தாவினால் ஆடுகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தவில்காரர் ஒரே சொற்கட்டை (அடிகளின் கோவையை) அச்சு மாறாமல் இரண்டு முறை வாசிப்பது அரிது. ஒரு வட்டத்தில் நான்கு அடி, அடுத்த வட்டத்தில் அதே இடத்தில் ஆறு அடி என்று நிரப்பிக்கொண்டே போவார். அடி கூடினால் ஒலித்துண்டும் கூடும். ஒரு பீட்டில் இருக்கும் துண்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஜோடி இல்லாவிட்டால் அதற்கும் 100 மதிப்பெண் தண்டனை உண்டு. அதனால் நல்ல தவில் வாசிப்பைக் கொடுத்தால் வட்டத்தில் கோடுகளே அதிகம் விழாது. காதுக்கு இயல்பாகத் தாவக்கூடிய இடங்களைக்கூட அது வேண்டாமென்று தள்ளிவிடும். வாசிப்பு எவ்வளவு செழிப்பாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகத்தான் தாவல் கிடைக்கும்.

விடாமல் ஒலிக்கும் சுருதியும் கணக்கைக் கலைக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் பாட்டு முழுக்க நின்றால், 12 சுர எண்களில் அந்த இரண்டும் எல்லாப் பீட்டிலும் உயர்ந்தே இருக்கும். மேலே போகிற ராகம் வேறாக இருந்தாலும் எண்களில் வித்தியாசம் மங்கிவிடும். கமகம் சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போவதால் ஒரே பிடி இரண்டு முறை வந்தாலும் எண்கள் கொஞ்சம் மாறியே வரும். இந்த இரண்டும் கும்மிப் பாட்டில் பெரிய தொல்லை தராது என்பதால் இதோடு விடுகிறேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது சொல். முளைப்பாரிப் பாட்டில் வரிசை உண்டு. மண் எடுத்ததிலிருந்து, பயறு தெளித்தது, முதல் நாள் முளை, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று பயிர் வளர்வதைப் பாடிக்கொண்டு போவார்கள். எல்லாச் சரணத்துக்கும் மெட்டு ஒன்றுதான். மென்பொருளுக்கு இதைவிட வசதியான பாட்டு கிடைக்காது. எங்கே பார்த்தாலும் தாவ வழி. ஆனால் அதற்குச் சொல் தெரியாது. ஐந்தாம் நாளில் பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் நாளுக்குப் போய்விடும். ஏழாம் நாள் வந்த பிறகு விதைக்கப் போகும். முன்னால் நடக்கும் பெரியம்மாக்கள் கூடவே பாடிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுக்கு அது சாமிக்குச் சொல்லும் கதை. ஒலி எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும் அந்தக் கதை வெட்டுப்படுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்களும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஆகவே தாவும் இடத்தைத் தேடித்தரும் வேலையை மட்டும் மென்பொருளிடம் கொடுங்கள். எந்த இடத்தில் சுற்ற வேண்டும், எப்போது சுற்றிலிருந்து வெளியே வர வேண்டும் என்பதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேளக்காரர்கள் செய்வதும் அதுதான். ஊர்வலம் திருப்பத்தில் தேங்கிவிட்டால், தலைத் தவில்காரர் கும்மியில் முன்னால் நிற்பவரின் கையைப் பார்த்துக்கொண்டே அதே அடியை இன்னும் நான்கு வட்டம் வாசிப்பார். கூட்டம் நகர்ந்ததும் ஒரு தீர்மானம் (முடிப்பு அடி) வைத்து அடுத்ததற்குப் போவார். முன்கூட்டி எண்ணி வைத்துக்கொண்டு அவர் வாசிப்பதில்லை. தாறுமாறாகத் தாவும் ஜூக்பாக்ஸ் வீட்டில் உட்கார்ந்து ரசிப்பதற்கு நல்லது. மந்தையில் அது பயன்படாது.

அந்தப் பழைய ஜூக்பாக்ஸ் தளத்தை நம்பியும் இருக்க வேண்டாம். எக்கோ நெஸ்டை 2014இல், இணையத்தில் பாட்டுக் கேட்க வைக்கும் ஸ்பாட்டிஃபை நிறுவனம் வாங்கியது. பிறகு வேறு சிலர் எடர்னல் ஜூக்பாக்ஸ் என்று ஒன்றை ஸ்பாட்டிஃபையின் எண்களை வைத்துக் கட்டினார்கள். 2024 நவம்பரில் புதிய செயலிகளுக்கு அந்த எண்களைத் தருவதை ஸ்பாட்டிஃபை நிறுத்திவிட்டது. உங்கள் ஊர்ப் பாட்டு எப்படியும் அங்கே இருக்கப்போவதில்லை.

உங்களுக்குப் பொருந்துவது பைமியூசிக்லூப்பர் என்ற இலவச நிரல். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியது. ஒரு பாட்டைக் கொடுத்தால், எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குத் திரும்பினால் ஒட்டுத் தெரியாது என்று பல ஜோடி இடங்களை மதிப்பெண்ணோடு தரும். பிடித்த ஜோடியைச் சொன்னால் பாட்டைத் தொடக்கம், சுற்றும் பகுதி, முடிவு என்று மூன்று ஃபைலாக வெட்டியும் கொடுக்கும். மதிப்பெண்ணில் முதலில் நிற்பதையே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் கை தட்டிக்கொண்டே கேளுங்கள். சரணத்துக்குள் விழும் ஜோடிகளை முதலிலேயே கழித்துவிடுங்கள். சொல்லே இல்லாத இடையிசையில் தொடங்கி அதே இடையிசையில் முடிவது முதல் தரம். அது கிடைக்காவிட்டால் குலவை போடும் இடம், அதுவும் இல்லையென்றால் எத்தனை முறை வந்தாலும் பொருள் கெடாத பல்லவி. சுற்று குறைந்தது எட்டு ஆவர்த்தனமாவது (முழுத் தாளவட்டமாவது) இருக்கட்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் சலித்துவிடும்.

வெட்டும் இடம் ஆவர்த்தனத்தின் முதல் தட்டுக்கு ஒரு நூலிழை முன்னால் விழ வேண்டும். தட்டு விழுந்த பிறகு வெட்டினால் அடியின் முனை நசுங்கிவிடும். ஒலியை வெட்டி ஒட்ட உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தவில் அடி செங்குத்தாக எழுவது தெரியும். அதற்குச் சற்று முன்னால் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘இசட்’ விசையை அழுத்துங்கள். அலை நடுக்கோட்டைக் கடக்கும் மிக அருகிலான புள்ளிக்கு அதுவே நகர்த்திவிடும். ‘டக்’ என்ற சத்தம் வராமல் இருக்க இது வேண்டும்.

ஃபைலை வேவ் (ஒலியைச் சுருக்காத வடிவம்) ஆகச் சேமியுங்கள், எம்பி3 ஆக வேண்டாம். உங்கள் ஊரில் நடுவே இடைவெளி விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியின் மிகச் சிறு அளவீடுகள்) கொண்ட கட்டுகளாகத்தான் எழுதும். கட்டு நிறையாவிட்டால் வெற்று ஒலியை வைத்து நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் வெற்று ஒலி சேரும். நீங்கள் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும், திரும்பச் சுற்றும்போது அந்த வெற்றிடம் தாளத்துக்கு நடுவே வந்து உட்காரும்.

ஓட்டுவதற்கு மிக்ஸ் என்ற இலவச டிஜே மென்பொருள் போதும். அதன் பெயரின் ஆங்கில எழுத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் வரும். முழுப் பாட்டையும் ஏற்றி, சுற்றும் பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் குறி வைத்துவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். முளைப்பாரி கண்மாய்க் கரையை நெருங்கியதும் சுற்றை நிறுத்தும் பட்டனை அழுத்தினால் போதும். பாட்டு அறுபடாமல் மிச்சமுள்ள சரணங்களைப் பாடி முறையாக முடியும். நேரில் பதிவான மேளத்துக்கு, பீட்டோடு ஒட்டிக்கொள்ளும் குவான்டைஸ் வசதியை அணைத்துவிட்டுக் குறி வையுங்கள். அணைக்காவிட்டால் அது தான் ஊகித்த பீட்டுக்கு உங்கள் குறியை இழுத்துப் போய்விடும். வேகம் ஏறிக்கொண்டே போகும் பதிவாக இருந்தால், உச்ச வேகத்துக்கு வந்து நிலைத்து நிற்கும் பகுதிக்குள்ளேயே சுற்றை வையுங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே வேகத்தில் இருந்தால்தான் கால் இடறாது.

பண்டிகைக்கு முன்னால், கும்மி பழகும் இடத்துக்கே லேப்டாப்பையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ஒட்டு எங்கே என்று யாரிடமும் சொல்லாதீர்கள். யார் கையாவது ஒரு கணம் நின்றால் அந்த இடம் சரியில்லை என்று அர்த்தம். அடுத்த ஜோடிக்குப் போங்கள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த காது அதை மன்னித்துவிடும் என்பதால், நீங்கள் மட்டும் கேட்டு முடிவு செய்வது போதாது.

போனில் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். மேலே சொன்ன மென்பொருள்களுக்கெல்லாம் லேப்டாப் வேண்டும். அன்றைக்கு லேப்டாப் எடுத்துப்போக முடியாதென்றால், முதல் நாளே சுற்றும் பகுதியை ஆடாசிட்டியில் ‘ரிப்பீட்’ போட்டு ஒரு மணி நேரத்துக்கு நீட்டி ஒரே ஃபைலாகச் செய்துகொள்ளுங்கள். வேவ் என்றால் 600 எம்பிக்கு மேல் வரும். ஒரே நீண்ட ஃபைல் என்பதால் இதை எம்பி3 ஆக்கினாலும் தப்பில்லை, வெற்றிடம் ஓரங்களில் மட்டும்தான் இருக்கும். முடிவுப் பகுதியைத் தனி ஃபைலாக இன்னொரு போனில் வைத்துக்கொண்டு, மிக்சரில் இரண்டு சேனலிலும் இரண்டு போனையும் செருகிவிடுங்கள். கரையை நெருங்கும்போது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் இரண்டாவது போனைத் தட்டிவிட்டு முதல் சேனலை இறக்கிவிடலாம். கைப்பழக்கம் வேண்டும், ஆனால் மைக்செட்காரருக்கு அது ஒன்றும் புதிதில்லை.